பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

1

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்ட பிறகு என்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் இடம் போதாது என்று வெட்டிவிடுவீர்கள். பள்ளிக்கூட மலர்க் குழுவினரை எனக்குத் தெரியும்.

ரொறன்ரோவில், மல்வேர்னில், ஒரு வீடு. அதன் பேஸ்மென்ற் முழுவதும் என் கையால் கட்டியது. நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து மூன்று தரம் குறை தேடி மூன்று தரமும் கோப்பி குடித்துவிட்டுப் போனார். ஸ்காபரோவில் ஆறு லேத் மெசினோடு ஒரு பட்டறை. பதினெட்டு வருடம் நடத்தி, விற்க வேண்டிய நேரத்தில் விற்றேன். விமானச் சக்கரத்துக்குப் போகும் ஒரு ஆணி என் பட்டறையில் கடைந்தது. நீங்கள் ஊரில் அண்ணாந்து பார்க்கும் விமானத்தில்கூட அது இருக்கலாம். இங்குள்ள கோயில் ஒன்றின் தேர் அச்சு நான் செய்தது. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கிரைண்டர்கள் இந்தக் குளிரில் ஒவ்வொன்றாக நின்றபோது, மல்வேர்னில் தோசை சுட்ட வீடுகளில் பாதி நான் கடைந்த தண்டில்தான் மாவரைத்தது. ஆங்கிலம் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. போர்த்துக்கல்காரப் போர்மன் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். அதனால் இன்றைக்கும் வங்கியில் நான் வாய் திறந்தால் நீங்கள் லிஸ்பனோ என்று கேட்பார்கள். மகளை இரண்டு பட்டம் வரை படிக்கவைத்தேன்.

இவை ஒன்றிலும் என் பெயர் இல்லை. விமான ஆணியில் ஒரு இலக்கம் இருக்கிறது. தேர்மண்டபத்துப் பளிங்குக் கல்லில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நான் கொடுத்தது வேலை, அதற்குக் கல் இல்லை. இதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் போன மாதம் எங்கள் வேட்டை முகாமின் இருபத்தைந்தாம் வருட நிறைவுக்கு ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. இருப்பதுதான் பிரச்சினை.

2

வேட்டையா என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன்.

இங்கே நவம்பர் மாதம் மான் சுடுவதற்கென்று அரசாங்கம் நாள் குறித்துக் கொடுக்கும். நான் முதலில் வேலைசெய்த தொழிற்சாலையின் போர்மன் மனுவலும், அங்கே மெசின் திருத்துகிற டக் என்பவரும் வடக்கே மூன்று மணித்தியாலம் தள்ளிக் காட்டுக்குள் ஒரு மரக்குடில் வைத்திருக்கிறார்கள். மனுவல்தான் எனக்கு ஆங்கிலம் தந்தவர். டக் நியூபவுண்லாந்துத் தீவில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலம் மற்றக் கனடாக்காரருக்கே விளங்காதபடியால் நாங்கள் இருவரும் முதல் நாளே ஒட்டிவிட்டோம். வருடத்தில் ஒரு கிழமை அங்கே போய்க் குளிரில் குந்தியிருந்து மானுக்குக் காத்திருப்பார்கள். நான் பல வருடம் சும்மா கூடப் போய்வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, குந்தியிருப்பதுதான் இருப்பு, கையில் ஒரு துவக்கோடு குந்தினால் என்ன என்று தோன்றியது.

துவக்கு என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு வகை. வன்னியில் சித்தப்பா பன்றிக்கு வைத்திருந்த, மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு ஒன்று. வெடித்தால் புகையில் பன்றியும் தெரியாது, சித்தப்பாவும் தெரியார். மற்றது சந்திக்குச் சந்தி எங்களை நோக்கி நீட்டப்பட்டிருந்தது. அதைப்பற்றி உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அகதி விசாரணையில் நான் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று சொன்னேன், நம்பினார்கள். அதே அரசாங்கம் முப்பது வருடத்துக்குப் பிறகு, படம் போட்ட ஒரு மட்டை தந்து, இனி நீ துவக்கு வைத்திருக்கலாம் என்றது.

மட்டை சும்மா வரவில்லை. இரண்டு நாள் வகுப்பு, எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை. எழுத்துச் சோதனையில் முதல்தரம் கோட்டை விட்டேன். கேள்விகள் எல்லாம் இரட்டை எதிர்மறையில் இருந்தன. செய்முறையில் முழுப்புள்ளி. அதன்பிறகு படிவம். அதில் மனைவி கையெழுத்திட ஒரு இடம் இருந்தது. இந்த ஆளிடம் துவக்குக் கொடுப்பதில் உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா, இருந்தால் இந்த இலக்கத்துக்குப் பேசலாம் என்று கீழே குறிப்பு.

என் மனைவி பரமேஸ்வரி அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"உந்த மனிசனுக்குத் துவக்குக் குடுக்கலாமோ எண்டு கவுண்மென்ற் என்னட்டக் கேக்குது. உவரைக் கட்டுறியோ எண்டு ஊரில ஒருதரும் என்னட்டக் கேக்கேல்லை."

கையெழுத்திட்டாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. கந்தசஷ்டி ஆறு நாளும் நான் உயிர்க்கொலை செய்யக்கூடாது, இறைச்சி வாயில் வைக்கக்கூடாது. அதற்கென்ன, ஒரு வருடத்தில் முந்நூற்றைம்பத்தொன்பது நாள் மிச்சம் இருக்கிறதே என்று தலையாட்டினேன். பஞ்சாங்கத்தையும் வேட்டைக் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகாமல் நாற்பது வருடம் அளந்தவன் செய்த பிழை அது.

3

டக் தன்னுடைய பழைய துவக்கு ஒன்றை எனக்கு விற்றார். கால் அங்குலத்திலும் ஒரு மயிரிழை குறைவான துவாரம். இளமையில் வயலில் வளை தோண்டுகிற பிராணிகளைச் சுட வாங்கியதாம். ஊசிபோல் சுடும் என்றார்.

முகாமில் ஒரு சட்டம் உண்டு. போவதற்கு முந்திய சனிக்கிழமை எல்லோரும் சுடுமைதானத்துக்குப் போகவேண்டும். நூறு யார், அதாவது முந்நூறு அடி, தூரத்தில் ஒரு கடதாசி. சோசர் அளவு வட்டத்துக்குள் மூன்று வெடி விழவேண்டும். விழாவிட்டால் அந்த வருடம் துவக்கு இல்லை, குசினியில் சமையல். காயத்தோடு ஒரு மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம். நியாயமான சட்டம், நான் குறை சொல்லவில்லை.

முதல் வருடம் என் மூன்று வெடியில் ஒன்று கடதாசியின் மூலையில் பட்டது. மற்ற இரண்டும் எந்த மாகாணத்துக்குப் போயின என்று தெரியாது. குசினிக்குப் போனேன். இரண்டாம் வருடமும் அப்படியே. நான் வைத்த கோழிக்கறியையும் றாத்தல் பாணையும் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு மனுவல் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உன்ர கைக்கு வயசு போட்டுது, டொம். கறிக்கு இன்னும் போகேல்லை."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டொம் என்பது நான்தான். தம்பிராசா அவர்களுக்கு நீளம்.

மூன்றாம் வருடமும் தவறினால் நிரந்தரமாகக் குசினி என்று டக் பகிடியாகச் சொன்னார். பகிடியில் பாதி உண்மை என்பது அவருடைய தட்டைப் பார்த்தாலே விளங்கியது. நான் தவறுவதில் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அதே கதை. மகள் துளசி டவுன்ரவுனில் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் தொடாள். தாய் முருகனுக்காக மான் தின்னமாட்டாள், மகள் மானுக்காக மான் தின்னமாட்டாள். எனக்கு இரண்டும் ஒரே மரக்கறிதான். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கை கொஞ்சம் ஷேக் பண்ணுது. டொக்டரிட்டக் காட்டுவமா? சீரியஸா. யூ ஆர் சிக்ஸ்டி எய்ற்."

கோப்பையை வைத்துவிட்டேன். அன்றைக்கு மீதித் தேநீர் ஆறிப்போனது.

இந்தக் கையைப்பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நான் செய்தது என்று மேலே எழுதிய அத்தனையும் இந்தக் கை செய்தது. எனக்குப் படிப்பு இல்லை, பேச்சு இல்லை, காசும் பிறகு வந்ததுதான். இதுவும் நடுங்கத் தொடங்கிவிட்டது என்றால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய், மைக்ரோமீற்றரை எடுத்து, என் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி அளந்தேன். பத்துத் தரம் அளந்தேன். பத்துத் தரமும் ஒரே அளவு.

கை சரியென்றால் வேறு என்ன பிழை?

4

போன கோடையில், தனியாகச் சுடுமைதானத்துக்குப் போய், கடதாசியைப் பாதித் தூரத்துக்குக் கிட்ட வைத்துப் பத்து வெடி வைத்தேன். முடிந்ததும் கடதாசியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஓட்டைகள் அங்கும் இங்கும் சிதறிக் கிடந்தன. ஆனால் நான்கு ஓட்டைகள் வட்டமாக இல்லை. பக்கவாட்டில் நீளமாக, சன்னம், அதாவது குண்டு, படுத்தபடியே கடதாசிக்குள் போனதுபோல் இருந்தன.

கை நடுங்கினால் ஓட்டையின் இடம் மாறும். வடிவம் மாறாது.

இதை மேசையில் அடித்துச் சொன்னேன். சொன்னபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பரவாயில்லை, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

துவக்குக் குழலின் உள்ளே வழவழப்பாக இருக்காது. திருகாணியில் மரை வெட்டியதுபோல் நீளமாக முறுக்கி முறுக்கிப் புரி வெட்டியிருப்பார்கள். சன்னம் அந்தப் புரியைப் பிடித்துச் சுழன்றுகொண்டு வெளியே வரும். பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது, சுழற்சி போதாவிட்டால் தள்ளாடி விழுகிறது, சன்னமும் அப்படித்தான். எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது குழலுக்குக் குழல் வேறு. அங்குலம் குறையக் குறைய முறுக்கு இறுக்கம், சுழற்சி வேகம்.

மரை என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறக்குமதித் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு ஆணி வராது. இங்கிலாந்து மெசினின் ஆணியையும் ஜப்பான் மெசினின் நட்டையும் கொண்டுவந்து பூட்டித் தரச்சொல்லி நிற்பார்கள். பதினேழு வயதில் அப்படி ஒன்றை நான் பலம்கொண்டு திருகி, மரையையும் தின்று, ஒரு தோட்டக்காரரின் வெங்காயத்தையும் காயவிட்டேன். பட்டறை முதலாளி அடிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "முதல் மூண்டு சுத்து எந்த மரையும் போகும். நாலாவதுதான் ஆளைக் காட்டும்."

துவக்கில் ரவை, வெடிமருந்தும் சன்னமும் சேர்ந்த தோட்டா, இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, பின்பக்கத்துப் பூட்டையும் கழற்றி வைத்தேன். துப்பரவாக்கும் கம்பியின் நுனியில் என் பழைய வேட்டித் துண்டை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் விட்டேன். கம்பியின் பிடி தன்பாட்டில் சுழலும். கம்பியில் மேல்பக்கம் பார்த்து மையால் ஒரு புள்ளி வைத்தேன். மெதுவாகத் தள்ளத் தள்ளக் கம்பி சுழன்றது, புள்ளி கீழே போய், மற்றப் பக்கத்தால் ஏறி, திரும்ப மேலே வந்தது. அதுவரை கம்பி எவ்வளவு உள்ளே போனது என்று அளந்தேன்.

பன்னிரண்டு அங்குலம். மூன்று தரம் அளந்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

ரவைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். நூறு கிரெயின் என்று இருந்தது. கிரெயின் என்பது நம் பத்தர்மாரின் குன்றிமணிபோல ஒரு சின்ன நிறைக் கணக்கு. கடையில் எண்பத்தைந்தும் இருந்தது, நூறும் இருந்தது. நான் நூறை எடுத்திருந்தேன். நாம் செம்பு வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதைத்தானே வாங்குகிறோம்? பாரம் என்றால் தரம். பெரிய மிருகத்துக்குப் பாரமான சன்னம். கடைக்காரன் தலையாட்டினான். அவனுக்கு என் குழலின் முறுக்குத் தெரியாது.

அந்த நூறுக்கு ஒன்பது, பத்து அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டும். என்னுடையது பன்னிரண்டு. டக் இளமையில் அதில் சுட்டது சின்னப் பிராணிக்கான சின்னச் சன்னம். அதனால்தான் ஊசிபோல் சுட்டது. எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு போய்ச் சுட்டேன். நூறு யாரில் மூன்று ஓட்டை, மூன்றையும் ஒரு பிஸ்கட்டால் மூடலாம்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் காரில் தனியே பேசிக்கொண்டு வந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

5

கதை இங்கே முடிந்திருந்தால் பெருமை முழுவதும் எனக்கே வந்திருக்கும்.

துளசி என் கடதாசியைப் பார்த்தாள், வாழ்த்தினாள், அணைத்தும் விட்டாள். அந்த அணைப்பு நீடிக்கும்போதே, ஈயச் சன்னம் கூடாது என்றாள். காட்டில் கழித்துவிடும் குடலைக் கழுகுகள் தின்று ஈயத்தால் சாகின்றனவாம். தன் ஆய்வுகூடத்தில் ஒருவர் அதையே ஆராய்கிறாராம். செம்பால் செய்த சன்னம் இருக்கிறது, அதைத்தான் வாங்கவேண்டும். மானைச் சுடுவதை மன்னித்த பிள்ளை கழுகுக்காகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? அதே எண்பத்தைந்தில் செம்புச் சன்னம் வாங்கினேன்.

மறுபடியும் ஓட்டைகள் படுத்தன.

அதே துவக்கு, அதே நிறை, அதே கை. மேசையில் அடித்துச் சொன்ன வசனம் எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் கைதானோ? இரண்டு நாள் சாப்பிடவில்லை. வேட்டைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

மனுவல் வீட்டில் ரவையைத் தானே அடைப்பவர். அவரிடம் போய் வெறும் சன்னங்கள், மருந்து இல்லாதவை, இரண்டு வகையிலும் கொஞ்சம் கேட்டேன். ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார். குசினி மேசையில் கொட்டிவைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். பரமேஸ்வரி அன்றைக்குக் கோயிலுக்கு மாவிளக்கும் மோதகமும் செய்துகொண்டிருந்தாள். மாக்கையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"உதென்ன, ரெண்டும் ஒரே நிறையோ?"

ஓம் என்றேன், எரிச்சலோடு.

"அப்ப ஏன் உது நீளமாக் கிடக்கு?"

இரண்டையும் நிமிர்த்தி வைத்தாள். செம்புச் சன்னம் ஈயச் சன்னத்தை விட ஒரு நெல்மணி உயரமாக நின்றது.

"அதே மாதான், அதே பயறுதான். உருட்டினா மோதகம், நீட்டினாக் கொழுக்கட்டை. உங்கட துவக்கு மோதகத்தைத் திண்டிட்டுக் கொழுக்கட்டையைத் துப்புது. இதுக்கு ஏன் ரெண்டு நாளாச் சாப்பிடாம முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

செம்பு ஈயத்தை விடப் பாரம் குறைந்த உலோகம். அதே நிறைக்கு நீளம் கூடவேண்டும். முறுக்குப் பார்ப்பது நிறையை அல்ல, நீளத்தை. நிறை கூடினால் நீளமும் கூடுவதால் பெட்டியில் நிறையை எழுதி, என்னைப்போன்றவர்களை ஏமாற்றுகிறார்கள். நாற்பது வருடம் உலோகம் கடைந்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். நினைவுக்கு வரவில்லை. இரண்டும் வேறு.

எனக்கு உடனே பசித்தது. நாலு மோதகம் சாப்பிட்டேன்.

ஈய எண்பத்தைந்துக்கே திரும்பினேன். கழுகு விஷயத்தில் துளசியோடு உடன்பாடு ஒன்று: குடலைக் காட்டில் விடமாட்டேன், ஆழக் கிடங்கு வெட்டிப் புதைப்பேன். அவள் ஓகே என்றாள், ஆனால் எழுத்தில் கேட்டாள். இந்த வீட்டுப் பெண்களுக்குப் படிவம் பிடிக்கும்.

6

சனிக்கிழமை சுடுமைதானம். மூன்று வெடி. டக் தொலைநோக்கியில் பார்த்தார், துடைத்தார், திரும்பப் பார்த்தார். மனுவல் நடந்தே போய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று ஓட்டையும் தொட்டுக்கொண்டிருந்தன. மனுவல் என் வலது கையைப் பிடித்து, விரல்களை விரித்து, உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு, அப்படியென்றால் இந்த வருடம் கறி யார் வைப்பது என்று டக் கேட்டார். குரலில் உண்மையான கவலை இருந்தது.

வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். பரமேஸ்வரி குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இறைச்சியை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று கேட்டேன்.

"நாளையிண்டைக்குச் சஷ்டி தொடங்குது. கையெழுத்து வேணுமெண்டு நிண்ட நேரம் தலையாட்டினனீங்கள், மறந்திட்டியளோ?"

முகாமும் அதே திங்கட்கிழமைதான் தொடங்குகிறது. ஆறு நாளும் முகாம். ஆறு நாளும் சஷ்டி. மூன்று வருடம் போராடித் துவக்குத் தூக்கும் உரிமை வாங்கிய கிழமையில், முருகன் வந்து நடுவில் நின்றுவிட்டார்.

சட்டப்படி ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். போகாமல் விடலாம் என்றும் யோசித்தேன். கடைசியில் போனேன். வாக்கையும் காப்பாற்றினேன். பலர் நம்பமாட்டார்கள், ஆனால் எழுத வேண்டியதை எழுதத்தான் வேண்டும்.

7

இங்கே வேட்டைக்காரர் செம்மஞ்சள் உடுப்புப் போடவேண்டும் என்பது சட்டம், ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க. ஒருநேரப் பால், பழத்தோடு, காவி நிறத்தில், காட்டில் ஒரு கல்லில், வெற்றுத் துவக்கோடு ஆறு நாள் இருந்தேன். பழைய காலத்து முனிவர்களுக்கு இவ்வளவு குளிர் இருந்திருக்காது. பின்னேரத்தில் அவர்களுக்குக் கறியும் வைத்தேன், ருசி பார்க்காமல். டக் உப்புக் கூட என்றார், இரண்டு தரம் வாங்கித் தின்றார்.

விரதம் என்று விளங்கப்படுத்தினேன். மனுவலுக்கு உடனே புரிந்தது. அவருடைய தாயும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாதவராம். டக் மட்டும், உங்கள் சாமியும் கையில் ஈட்டிதானே வைத்திருக்கிறார், பிறகென்ன என்று கேட்டார். முருகனுடைய வேலுக்கு முறுக்கு வேண்டியதில்லை, தூக்கினால் தைக்கும், எனக்கு அப்படியா என்றேன்.

நான்காம் நாள் காலை ஒரு கலைமான் வந்தது. நாற்பது அடி தூரம் இருக்கும். பனியில் கால் வைத்த சத்தம்கூட இல்லை. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். துவக்கை மெல்லத் தூக்கி, வெறுமையாகவே, அதன் தோளுக்குக் குறி வைத்தேன். துவக்கின் தொலைநோக்கியில் தெரிந்த சிலுவைக்கோடு அதன் தோளில் ஒட்டிவைத்ததுபோல் நின்றது. அசையவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. கோடு அசையவில்லை. பிறகு மான் வாலை உயர்த்திக்கொண்டு போய்விட்டது.

அதைக் கண்ட சாட்சி மான் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் மனுவல் ஐஸில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றுமில்லை, அவருடைய துவக்கின் தொலைநோக்கி நொறுங்கிவிட்டது. எழுபத்திநாலு வயது மனிதர், இது கடைசித் தடவையாக இருக்கலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். குடில் வாசலில் முகம் சுருங்கிப்போய் இருந்தார். என் துவக்கை எடுத்து, ரவையில்லை என்று திறந்து காட்டி, எண்பத்தைந்துப் பெட்டியோடு அவரிடம் கொடுத்தேன்.

பின்னேரம் ஒரே ஒரு வெடி கேட்டது. நூற்றைம்பது அடி நடந்து அளந்தோம். மான் நின்ற இடத்திலேயே விழுந்திருந்தது. துடிக்கவும் இல்லை. மனுவல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதார். கிடங்கு நான்தான் வெட்டினேன், துளசிக்கு எழுதிக்கொடுத்தபடி.

ஏழாம் நாள் காலை என் விரதம் முடிந்தது. முகாமும் முடிந்தது. சாமான் கட்டிக்கொண்டு வந்தோம்.

8

முகாமின் இருபத்தைந்தாம் வருடத் தகட்டுக்குப் பித்தளையை வெட்டிக் கொடுத்ததே நான். மூலைகளை உருட்டி, நாலு துளை போட்டு, நாலு ஆணியும் கடைந்து கொடுத்தேன். எழுத்து வெட்டக் கடைக்கு அனுப்பினார்கள். போன மாதம் வந்தது. வேட்டைக்காரர் என்று போட்டு மனுவல், டக். இந்த வருட மான், மனுவல். அதன் கீழே, சமையல், டொம்.

மனுவலைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, நீ சுடவில்லைத்தானே என்றார். உண்மைதான். துளசி, "அப்பா, இட்ஸ் எ கொம்பிளிமென்ற்" என்கிறாள். அவளுடைய தலைமுறைக்குப் பெயர் எங்கேயாவது இருந்தால் போதும்.

பரமேஸ்வரியிடம் வேறு கேள்வி ஒன்று கேட்டேன். சஷ்டியில் நான் கொல்லவில்லை, துவக்கை மட்டும் கொடுத்தேன், அது குற்றமா என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"முறுக்கு அளந்தது நீங்கள், ரவை தெரிஞ்செடுத்தது நீங்கள், தூக்கிக் குடுத்ததும் நீங்கள். பாவத்தில பாதி உங்களுக்குத்தான்."

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பாவத்தில் பாதி எனக்கென்றால் பெயரிலும் பாதி எனக்கு. இதற்கு மனுவலும் டக்கும் என்ன பதில் சொல்வார்கள்?

மற்றவர் பங்கை மறைப்பவன் நான் அல்ல. மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அவள் பின்னால் நிற்கவும் இல்லை. ஆகவே நானும் கேட்கிறேன். தகட்டின் நாலு ஆணியும் இப்போது என் பேஸ்மென்றில் ஒரு போத்தலுக்குள் இருக்கின்றன. அந்த மரைக்கு வேறு ஆணி இந்த நகரத்தில் கிடைக்காது. எழுத்தை மாற்றும்வரை தகடு சுவரில் ஏறாது, அடுத்த நவம்பர் கறியும் அடுப்பில் ஏறாது.

மாற்ற வேண்டியது இது: மானைச் சுட்டவர் மனுவல். நீளம் கண்டது பரமேஸ்வரி. குழலின் முறுக்கை அளந்து, அதற்குப் பொருந்திய சன்னத்தைத் தெரிந்தெடுத்து, துவக்கைக் கொடுத்தது சின்னத்தம்பி தம்பிராசா.

மலர்க் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையை எப்படி வேண்டுமானாலும் சுருக்குங்கள். வீட்டை வெட்டலாம், பட்டறையை வெட்டலாம், விமானத்தையும் தேரையும்கூட வெட்டலாம். என் பெயரை முழுதாகப் போட்டு, அதன் கீழ் ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் விடுங்கள்: கை நடுங்கவில்லை.